புது லைட் போட்டும் ரோடு தெரியவில்லையா? பழைய ஜீப் ஹெட்லைட்டுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வரிசை கட்டிவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கம் போகிற வண்டிகள் அவை. அவற்றில் பல மகிந்திராவின் பழைய ஜீப்புகள். என்னிடம் இருக்கும் எம்எம் 540-ம் அந்தக் குடும்பம்தான். இந்த வண்டிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை உண்டு: ராத்திரியில் ரோடு தெரியாது. உடனே எல்லோரும் கடைக்குப் போய்ப் 'பவர் கூடின' பல்பை வாங்கி மாட்டுவார்கள். இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அப்புறம் ஹோல்டர் உருகும், இல்லையென்றால் ஃப்யூஸ் போகும், அதுவும் இல்லையென்றால் எதிரே வருகிறவர் கண் கூசி வண்டியை ஓரம் கட்டுவார்.

பழைய ஜீப்பின் இருட்டு பெரும்பாலும் பல்பில் இல்லை, ஒயரில்தான் இருக்கிறது. பேட்டரியில் இருக்கும் வோல்ட் பல்பு வரை முழுதாக வந்து சேர்வதில்லை. அதைச் சரி செய்யாமல் எந்த விலையில் எந்த விளக்கை வாங்கினாலும் பாதிப் பணம் வீண். அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் முதல் வேலையாக மீட்டர் வைத்துப் பார்க்கத்தான் சொல்லியிருக்கிறேன்.

கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர், இரண்டு ஒயர் வைத்துக் கட்டிய ஒரு டெஸ்ட் பல்பு, உப்புத்தாள், ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். வண்டியின் டூம் (கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) 7 அங்குல வட்டம் என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய ஜீப், ஜிப்ஸி, லேண்ட் ரோவர் எல்லாவற்றுக்கும் அநேகமாக இந்த அளவுதான். அதற்குள் போகும் எச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனி இழை உள்ள ஹாலஜன் பல்பு) பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். இரண்டு பக்கமும் சேர்த்து 10 ஆம்பியர். இந்தப் பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

புது பல்பு போட்டேன், வெளிச்சம் மஞ்சளாக, சோகையாக இருக்கிறது

வருகிற புகார்களில் முக்கால்வாசி இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பழைய ஜீப்பில் ஹெட்லைட் கரண்ட் வரும் வழியை மனதில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியிலிருந்து கிளம்பி, ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே இருக்கும் தகட்டை) தாண்டி டேஷ்போர்டுக்குள் போகிறது. லைட் சுவிட்சுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அங்கிருந்து டிம்-பிரைட் சுவிட்ச். பழைய வண்டிகளில் அது காலால் மிதிக்கிற சுவிட்ச். சேறும் தண்ணீரும் முதலில் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. அப்புறம் மறுபடி முன்னால் வந்து, இரண்டு மூன்று இணைப்புகளைக் கடந்து பல்பைத் தொடுகிறது. பல்பிலிருந்து பாடி எர்த் (பேட்டரி நெகட்டிவோடு இணைந்த வண்டியின் உலோக உடல்) வழியாகத் திரும்பிப் போகிறது. முப்பது வருடத் துரு, பாசி, தளர்ந்த திருகு எல்லாம் இந்த வழியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அத்தனையும் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தாலே போதும், 10 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே வெப்பமாகத் தொலைந்துவிடும்.

ஒரு வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். என் வண்டியில் முதன்முதலில் மீட்டர் வைத்தபோது பேட்டரியில் 13.5 வோல்ட், இடது பல்பின் காலில் 11.0 வோல்ட். குறைந்தது இரண்டரை வோல்ட்தான், ஆனால் வெளிச்சத்தில் பாதி போய்விட்டது. அதுவரைக்கும் பல்பு தயாரித்தவனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தபோது நடுக்காலைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக், அடுப்பில் வாட்டின அப்பளம் மாதிரி பழுப்பேறிச் சுருண்டிருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. சாலைக்குப் போயிருக்க வேண்டிய சூடும் வெளிச்சமும் அந்த ஹோல்டருக்குள்ளேயே எரிந்திருக்கின்றன.

அளக்கும் முறை இது. எஞ்சினை ஓட விட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, டிம் லைட்டைப் போடுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பல்பு மாட்டியபடியே, எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கமாக மீட்டர் முனைகளை நுழைத்து, டிம் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே அளக்க வேண்டும். ஹோல்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் முழு 13 வோல்ட்டும் காட்டும். கரண்ட் ஓடாதபோது எந்தத் தடையும் வோல்ட்டைக் குறைக்காது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். "ஒயர் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மறுபடி பல்பு வாங்கப் போகிறார்கள்.

இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயர் நலம். அதற்கு மேல் என்றால் எந்தப் பக்கம் தொலைகிறது என்று பிரித்துப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் டிம் காலிலும் வைத்தால் வருவது பாசிட்டிவ் பக்க இழப்பு. பேட்டரி நெகட்டிவிலும் பல்பின் எர்த் காலிலும் வைத்தால் வருவது எர்த் பக்க இழப்பு. ஜீப்பில் எர்த் பக்கத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் பெயின்ட் அடித்த மட்கார்டு, துருப்பிடித்த போல்ட், சேஸிஸ், எஞ்சினுக்குப் போகும் பின்னல் ஒயர் என்று அது சுற்றிச் சுற்றித்தான் பேட்டரிக்குப் போகிறது.

எர்த் பக்கம் கெட்டிருந்தால் வைத்தியம் எளிது. இரண்டு டூமிலிருந்தும் தனித்தனியாக ஒரு கறுப்பு ஒயர், 2.5 சதுர மி.மீ. கனத்தில், நேராக பேட்டரி நெகட்டிவுக்கு இழுத்துவிடுங்கள். பாடியில் எங்காவது முடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெயின்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

பாசிட்டிவ் பக்கத்துக்கு நிரந்தரத் தீர்வு ரிலே, அதாவது உள்ளே இருக்கும் சுருளுக்குச் சின்னக் கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டை இணைத்துவிடும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து, அங்கிருந்து 30-க்குக் கனமான ஒயர். 87-லிருந்து இரண்டு பல்பின் டிம் காலுக்கும் ஒயர். 85 எர்த்துக்கு. முன்பு பல்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய டிம் ஒயரை வெட்டாமல் அப்படியே எடுத்து 86-ல் மாட்டுங்கள். பிரைட் ரிலேக்கும் இதே வழிதான், ஆனால் அதற்குத் தனி ஃப்யூஸ். இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ் வைத்தால், கொண்டை ஊசி வளைவில் அது போகும்போது இரண்டு வெளிச்சமும் சேர்ந்து போகும். தனித்தனியாக இருந்தால் டிம் போனாலும் பிரைட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை ஓரம் கட்டலாம்.

இனிமேல் பழைய சுவிட்ச் வழியாக ஓடப்போவது ரிலே சுருளுக்கு வேண்டிய கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட். முப்பது வருடச் சுவிட்ச் அதைத் தாராளமாகத் தாங்கும். லக்குகளை (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காதுகளை) மட்டும் பல்லால் கடித்த மாதிரி பிளையரால் நசுக்காமல், அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். இந்த வேலை முடிந்ததும் அதே பழைய 60/55 பல்பைப் போட்டுப் பாருங்கள். என் வண்டியில் புது விளக்கு வாங்கும் எண்ணமே அன்றோடு போய்விட்டது.

ரிலே போட்டாயிற்று, இப்போது வேறு மாதிரி கோளாறு

ரிலே 'டிக்' என்கிறது, ஆனால் விளக்கு எரியவில்லை என்றால் சுருள் பக்கம் சரி. 30-ல் டெஸ்ட் பல்பு வையுங்கள். எரியவில்லையா, ஃப்யூஸ் அல்லது பேட்டரி முனை. எரிகிறதா, 87-ஐயும் பல்பு வரை போகும் ஒயரையும் பாருங்கள். 'டிக்' சத்தமே வரவில்லை என்றால் 85-ன் எர்த்தைப் பாருங்கள், அதை விட்டால் 86-க்கு வரும் பழைய ஒயர்.

சுவிட்சை அணைத்தால் விளக்கு எரிகிறது, போட்டால் அணைகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கடையில் ஐந்து கால் ரிலே கொடுத்திருப்பார்கள். நடுவில் இருக்கும் கால் 87ஏ. அது ரிலே சும்மா இருக்கும்போது கரண்ட் தரும் கால். ஒயரை அதிலிருந்து பிடுங்கி 87-ல் மாட்டினால் முடிந்தது.

டிம்முக்கும் பிரைட்டுக்கும் இடம் மாறியிருந்தால் ஹோல்டர் கால்களைக் குழப்பியிருக்கிறீர்கள். எச்4 பல்பின் மூன்று கால்களில் மேலே படுக்கையாக இருப்பது டிம். பக்கவாட்டில் நிற்கும் இரண்டில் ஒன்று பிரைட், ஒன்று எர்த். எது எது என்பதை ஒயர் நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். பழைய ஜீப்பில் எத்தனை கை மாறி எத்தனை பேர் ஒயர் மாற்றியிருப்பார்களோ தெரியாது. என் வண்டியில் எர்த் சிவப்பு ஒயரில் இருந்தது. டெஸ்ட் பல்பு வைத்து மட்டும் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. சில ஜப்பானிய வண்டிகளில், குறிப்பாகப் பழைய டொயோட்டா லேண்ட் குரூஸர்களில், சுவிட்ச் பாசிட்டிவை அல்ல, எர்த்தைத்தான் இணைத்துத் துண்டிக்கும். பல்பின் ஒரு காலுக்குப் பாசிட்டிவ் ஃப்யூஸ் வழியாகவே வந்துவிடும். அதில் நம் ஜீப் முறையில் ரிலே கட்டினால் வேலை செய்யாது. 85, 86 இரண்டில் ஒன்றை ஃப்யூஸ் பாசிட்டிவிலும் மற்றொன்றைச் சுவிட்சிலிருந்து வரும் எர்த் ஒயரிலும் கட்ட வேண்டும். ரிலே கட்டுவதற்கு முன்னால் லைட் போட்டபடி மூன்று கால்களையும் அளந்து பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் மினுக்கட்டாம்பூச்சி

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவை (சுவிட்ச், ரிலே, பேட்டரி) குற்றவாளி இல்லை. அந்தப் பக்கத்து ஹோல்டர், அந்தப் பக்கத்து எர்த், இவ்வளவுதான்.

எர்த் முழுதாக விட்டுப்போனால் வினோதமாக ஒன்று நடக்கும். டிம் போட்டால் அந்த டூமுக்குள் இரண்டு இழையும் சோகையாக எரியும், மீட்டர் பலகையில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசாக மினுங்கும். காரணம் இதுதான்: டிம் இழைக்குள் வந்த கரண்டுக்கு எர்த் வழி அடைத்துவிட்டதால், அது பிரைட் இழை வழியாகப் பின்னோக்கி ஓடி, பிரைட் ஒயரைப் பிடித்து, மறுபக்க டூமின் எர்த்தைத் தேடிப் போகிறது. நீல விளக்கு காரணமில்லாமல் மினுங்கினால் வேறெதையும் பிரிக்காதீர்கள், நேராக எர்த் ஒயருக்குப் போங்கள்.

எரிந்து எரிந்து அணைகிறது

குழியில் இறங்கும்போது மட்டும் அணைந்தால் தளர்ந்த இணைப்பு. லைட்டைப் போட்டுவிட்டு, எஞ்சின் அணைத்து, ஒயர்க்கட்டைக் கையால் அங்கங்கே அசைத்துக்கொண்டே வாருங்கள். கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டர் பக்கம் திரும்பும் இடம், ஃபயர்வால் துளை, இந்த இரண்டு இடங்களிலும் ஒயர்த்தோல் உராய்ந்து தேய்ந்திருக்கும். தோல் தேய்ந்த ஒயர் பாடியில் பட்டால் அடுத்தது புகைதான். டேப் சுற்றி ஒப்பேற்றாமல் அந்தத் துண்டையே மாற்றிவிட்டு, துளையில் ரப்பர் வளையம் போடுங்கள்.

நல்ல ரோட்டிலும், சில நிமிடம் ஓடிய பிறகு, ஒரே சீராக அணைந்து அணைந்து எரிந்தால் அது வேறு. சில பழைய லைட் சுவிட்சுகளுக்குள் சூடானால் தானே துண்டித்து, ஆறினால் தானே சேரும் ஒரு பிரேக்கர் இருக்கும். 100/90 வாட் பல்பு போட்ட வண்டிகளில் இது சகஜம். பிரைட்டில் மட்டும் 200 வாட், ஏறக்குறைய 17 ஆம்பியர். அந்தச் சுவிட்சும் ஒயரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிரேக்கர் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதை நேரடியாக இணைத்துத் தாண்டிப் போகும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பல்பை 60/55-க்கு இறக்குங்கள், ரிலே போடுங்கள்.

நின்றால் மங்குகிறது, ரேஸ் கொடுத்தால் பிரகாசம்

சார்ஜிங் விஷயம், அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் அல்லது டைனமோவின் விஷயம். ஆல்டர்னேட்டர் இல்லாமல் டைனமோ வைத்த மிகப் பழைய வண்டி என்றால் ஐடிலில் இப்படித்தான் இருக்கும், அது கோளாறு அல்ல. ஆல்டர்னேட்டர் வண்டி என்றால் பெல்ட் தளர்வைப் பாருங்கள். லைட் போட்டு, கொஞ்சம் ரேஸில் பேட்டரியில் 13.5 முதல் 14.4 வோல்ட்டுக்குள் வர வேண்டும். 12.5-ஐத் தாண்டவே இல்லை என்றால் ஹெட்லைட் வேலையை நிறுத்திவிட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றுங்கள்.

பல்பு மாதத்துக்கு ஒன்று போகிறது

அதே மீட்டரை பேட்டரியில் வைத்து நன்றாக ரேஸ் கொடுங்கள். 14.8-க்கு மேல் ஏறினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. ஹாலஜன் இழைக்கு வோல்ட் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிலே போட்ட முதல் வாரத்தில் பழைய பல்பு ஒன்று போனால் அது இயல்பு. இத்தனை நாள் 11 வோல்ட்டில் எரிந்தது இப்போதுதான் முழு வோல்ட்டைப் பார்க்கிறது.

வோல்ட் சரியாக இருந்தும் போகிறதா? கண்ணாடியை விரலால் தொட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கைப் பிசுக்கு பட்ட இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போகும். துணியால் பிடித்து மாட்டுங்கள். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். அடுத்து டூமை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டீசல் ஜீப்பின் அதிர்வில் டூம் ஆடிக்கொண்டே இருந்தால் எந்த இழையும் நிற்காது.

எதிரே வருகிறவர்கள் எல்லோரும் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்

இதை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு நாம் வழிவிட்டு நிற்க வேண்டும் என்பது முறை. அப்படி நின்றுகொண்டே அவர் கண்ணைக் கட்டினால், அவருக்குப் பள்ளம் எது ரோடு எது என்று தெரியாது. நமக்குத் தெரிந்து பயனில்லை, அவருக்கும் தெரிய வேண்டும்.

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பல்பு டூமுக்குப் பொருந்தாதது. ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் இழை எந்த மில்லிமீட்டரில் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தவை. எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இழையிலிருந்து கீழ்ப்பாதிக்குப் போகும் ஒளியை அது மறைக்கிறது. அதனால்தான் டிம்மில் மேலே ஒரு வெட்டுக்கோடு (வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் எல்லை) விழுந்து, எதிராளி கண் தப்பிக்கிறது. அதே டூமில் எல்இடி பல்பைச் சொருகினால், சில்லுகள் இழை இருந்த இடத்தில் சரியாக உட்காராதவரை அந்தக் கோடு கலைந்து, ஒளி நாலாபக்கமும் சிதறும். சுவரில் அடித்துப் பாருங்கள்: கோடு தெளிவாக விழவில்லையா, அந்த எல்இடியைக் கழற்றிவிடுங்கள். எல்இடிதான் வேண்டும் என்றால் பல்பாக வாங்காமல், கண்ணாடி, லென்ஸ் எல்லாம் சேர்த்தே வடிவமைத்த 7 அங்குல முழு விளக்காக, சாலைப் பயன்பாட்டுக்கு அங்கீகாரம் பெற்றதாகப் பார்த்து வாங்குங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்குள் வரும் விஷயம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இதே பொருத்தப் பிரச்சினை பழைய டூம்களிலும் உண்டு. ஹாலஜனுக்கு முந்தைய 45/40 வாட் சாதா பல்பின் காலர் (டூமில் உட்காரும் உலோகத் தட்டு) 45 மி.மீ.; எச்4-ன் காலர் 43 மி.மீ. வளையம் சேர்த்து எச்4-ஐ அதில் உட்கார வைக்கலாம், ஆனால் அந்தக் கண்ணாடி எச்4-க்காக வார்த்தது அல்ல. டூமையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் சரி.

இரண்டாவது, இறக்குமதி விளக்கு. டிம்மின் வெட்டுக்கோடு ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறும். ஓரத்தில் நடந்து போகிறவரும் பலகையும் தெரிவதற்காக. நமக்கு இடது பக்கம் ஏற வேண்டும். வலது பக்கம் ஓட்டுகிற ஐரோப்பிய நாடுகளுக்காகச் செய்த விளக்கில் வலது பக்கம் ஏறும், நேராக எதிரே வருகிறவர் முகத்தில். திருகைத் திருப்பிச் சரி செய்ய முடியாது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான் போல இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது குறி, அதாவது விளக்கு எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து அடிக்கிறது என்பது. சமதளத்தில், டயர் காற்று சரி பார்த்து, சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து டூமின் நடு வரை உள்ள உயரத்தைச் சுவரில் சாக்கட்டியால் கோடாகப் போடுங்கள். டிம்மின் வெட்டுக்கோடு அதற்கு 10 செ.மீ. கீழே விழ வேண்டும். 5 மீட்டர்தான் இடம் இருக்கிறது என்றால் 5 செ.மீ. மேல் திருகு உயரத்துக்கு, பக்கத் திருகு இட வலத்துக்கு. வெளி ரிம்மை எடுத்ததும் டூமைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளும் தெரியும். அவை வேறு, குறி வைக்கும் திருகுகள் வேறு. அவசரத்தில் தவறானதைத் திருப்பி டூம் கையோடு வந்தவர்கள் நிறைய.

இதை வெறும் வண்டியில் செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஜீப்பின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஆட்கள் ஏறியதும் பின்னால் தாழும், முகம் தூக்கும். 91 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) வண்டியில் பின்பக்கம் 4 செ.மீ. இறங்கினால் 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 17 செ.மீ. ஏறிவிடும். கோட்டுக்குப் பத்து கீழே வைத்தது கோட்டுக்கு ஏழு மேலே போய்விடும். நான் இதைத் தெரிந்துகொண்டது பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில். சாயங்காலம் வெறும் வண்டியில் அழகாகக் குறி வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை, "என்ன தம்பி, மெட்டு ஏறுறதுக்குள்ள நாலு வண்டிக்காரன் திட்டிட்டான்" என்றார். அன்று மாலை தோட்டத்திலிருந்து திரும்பி வந்த அக்காமார்களை இறங்க வேண்டாம் என்று கெஞ்சி, ஐந்து நிமிடம் பின்சீட்டிலேயே உட்கார வைத்து, கோயில் மதில் சுவரில் மறுபடி குறி வைத்தோம். ஒருவர் இறங்கி வந்து சுவரைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மேலயா அடிச்சுக்கிட்டு இருந்துச்சு" என்று கேட்டார். எப்போதும் எந்தச் சுமையோடு ஓடுகிறதோ அந்தச் சுமையோடு குறி வைக்க வேண்டும்.

எல்இடி போட்டேன், துடிக்கிறது

கண்ணுக்குத் தெரிகிற அளவு துடித்தால் முதலில் வோல்ட், பிறகு எர்த். ஹாலஜன் இழை சூடாக இருப்பதால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் அதில் தெரியாது. எல்இடியில் உடனே தெரியும். அதாவது கோளாறு முன்பே இருந்தது, எல்இடி அதைக் காட்டிக்கொடுக்கிறது. வோல்ட்டும் எர்த்தும் நன்றாக இருந்தும் துடித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடை (ஏசி கரண்டை டிசியாக மாற்றும் பாகத்தை) சோதிக்கச் சொல்லுங்கள்.

எல்இடி போட்டதும் ரேடியோவில் இரைச்சல் வந்தால் அதன் டிரைவர் பெட்டி மட்டம். எரியவே இல்லை என்றால் பாசிட்டிவ், எர்த் மாறியிருக்கும். இழைப் பல்புக்குத் திசை கிடையாது, எல்இடிக்கு உண்டு. பின்னால் விசிறியோ உலோகத் துடுப்போ நீட்டிக்கொண்டு ரப்பர் மூடி போட முடியவில்லை என்றால், மூடி இல்லாமல் ஓட்டத் துணியாதீர்கள். ஒரு மழைக்குள் ரிஃப்ளெக்டர் கறுத்துவிடும்.

பனி மூட்டத்தில் முன்னால் வெள்ளைச் சுவர்

போடிமெட்டிலும் அதைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கத்திலும் மழைக்காலத்தில் இது தினசரி அனுபவம். எவ்வளவு வெளிச்சம் கூட்டினாலும் அவ்வளவும் திரும்பி நம் கண்ணுக்கே வரும். பிரைட்டை அணையுங்கள். மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று சொல்வார்கள். மஞ்சள் கண்ணுக்கு இதம், மறுக்கவில்லை. ஆனால் வேலை செய்வது உயரம். நம் கண்ணுக்கு நன்றாகக் கீழே, பம்பர் உயரத்தில், அகலமாகவும் தரையை ஒட்டியும் அடிக்கிற பனி விளக்குதான் உதவும். கூரையில் வரிசையாக விளக்கு மாட்டிய ஜீப்பில் பனியில் கூரை விளக்கைப் போட்டால் பானெட்டே கண்ணை அடிக்கும். அந்தக் கூரை விளக்குகள் பொதுச்சாலையில் மூடியே இருக்க வேண்டியவை.

மழையில் நனைந்த தார் ரோட்டில் நீலம் கலந்த வெள்ளை விளக்கைவிடப் பழைய ஹாலஜன் நிறம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. விளக்கு வாங்கும்போது 6000 கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு, எண் கூடக் கூட நீலம் கூடும்) என்று எழுதியிருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன். 4300 பக்கம் பார்க்கிறேன்.

டூமுக்குள் வியர்வை, தண்ணீர்

லேசான வியர்வை, பத்து நிமிடம் எரிந்ததும் காய்ந்துவிட்டால் விட்டுவிடலாம். தேங்கி நின்றால் பின்னால் இருக்கும் ரப்பர் மூடி வெடித்திருக்கிறது, அல்லது கண்ணாடியும் உலோகமும் ஒட்டும் இடம் விட்டிருக்கிறது. ரப்பர் மூடி சில ரூபாய்க்குக் கிடைக்கும், மாற்றிவிடுங்கள். ஒட்டு விட்ட டூமுக்கு சிலிக்கான் பூசுவது ஒரு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும். ரிஃப்ளெக்டரில் ஒரு புள்ளி துரு வந்துவிட்டால் அந்த டூமின் வேலை முடிந்தது. தேய்த்துப் பளபளப்பாக்க முயன்றால் மிச்சப் பூச்சும் போய்விடும்.

ஓடை கடக்கப் போகிறீர்கள், தண்ணீர் டூம் உயரத்துக்கு வரும் என்று தோன்றினால், ஐந்து நிமிடம் முன்னதாகவே விளக்கை அணைத்து ஆற விடுங்கள். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல்தான். ஏறி வந்த பிறகு ரிலே, ஃப்யூஸ் பெட்டி இரண்டையும் துடைத்துவிட்டு லைட்டைப் போடுங்கள். ரிலேக்களைக் கால்கள் கீழே பார்த்தபடி, ஃபயர்வாலில் உயரமான இடத்தில் மாட்டியிருந்தால் துடைக்க வேண்டிய வேலைகூட அநேகமாக இருக்காது.